பூச்சு விட்டுப்போன சுவர்

ஊர்க் கத்தோலிக்கப் பங்குக் கோவிலுக்கு ஐம்பது வயது. பொன்விழா மலரில் அதன் வரலாற்றை எழுதும் வேலை சென்ட்ரிங் தச்சரின் மகள் தலையில் விழுந்தது. அவள் பெரிய எழுத்தாளர் என்றல்ல, மற்றவர்கள் நைசாக நழுவிவிட்டார்கள்.

விசிறிபோல் விரிந்த கட்டடம். கோபுரமும் இல்லை, நடுவில் ஒரு தூணும் இல்லை. பீடத்துக்குப் பின்னால் முப்பதடி உயரத்துக்கு வெறும் கான்கிரீட் சுவர். காலை வெயில் சாய்ந்து விழும்போது, கான்கிரீட் ஊற்ற அடித்த பலகைகளின் வரியும் முடிச்சும் அதில் அப்படியே தெரியும். ஒவ்வொரு பலகையையும் பொறுக்கி அடித்தவர் அவளுடைய அப்பா.

ஜனங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? ‘பூசாம விட்டுட்டாங்க’ என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். வரைபடம் போட்டவர் எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டார். அப்பா இங்கேயே கிடந்தார். ‘பாதிவேலை’ என்ற பட்டம் அவர்மேல் ஒட்டிக்கொண்டது.

கோவில் பீரோவைக் குடைந்தபோது வரைபடக்காரரின் கடிதம் கிடைத்தது. ‘இச்சுவரில் பூச்சு கூடாது. மரத்தின் வரிகளே இதற்கு அலங்காரம்.’ அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்பா பேர் துலங்கிவிடும், சுவரும் தப்பிவிடும் என்று பங்குத்தந்தையிடம் ஓடினாள். பொன்விழாவுக்காக அந்தச் சுவரில் திங்கட்கிழமை பூச்சுவேலை ஆரம்பமாக இருந்தது.

அவர் இரண்டு தடவை படித்தார். “எனக்கே சங்கடமா இருக்கும்மா. ஆனா பூசணும்னு இத்தனை பேர் மனு குடுத்திருக்காங்களே.”

மனுவில் முதல் கையெழுத்து அப்பாவுடையது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கடிதத்தை அவர் முன்னால் போட்டாள். அவர் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை.

“தெரியும். அப்பவே எனக்குப் படிச்சுக் காட்டுனாரு.”

“தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க?”

“எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. ஒருத்தரும் நம்பல. சாகறதுக்குள்ள பூசிட்டாங்கன்னா அந்தப் பேச்சாவது ஓயும்.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா.”

“சொன்னேனே. உனக்கு அப்ப பன்னெண்டு வயசு. பொய் சொல்லாதீங்க, மானம் போவுதுன்னு அழுத. அன்னையோட சொல்றத நிறுத்திட்டேன்.”

அவளுக்கு அந்த நாள் நினைவிலேயே இல்லை. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.