தொண்ணூற்றெட்டில் நிற்கும் படம்

1
இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. கணினிகள் ஒன்றோடொன்று நேரடியாகக் கோப்புகளைப் பகிர்வது பற்றிக் கட்டுரை கேட்டிருந்தார்கள். ‘நடுவில் முதலாளி கிடையாது, ஒருவரிடம் இல்லாத துண்டு இன்னொருவரிடம் கிடைக்கும்’ என்று ஜோராக எழுதினேன். யாரிடமும் கிடைக்காவிட்டால்? கட்டுரையைக் கிழித்துப் போட்டேன்.

2
மாலை மயங்கும் நேரத்தில் ஒரு தையற்காரி சன்னலோரம்...

(அடித்துவிட்டேன். அவளுக்கு ஏது சன்னலோரம்?)

தையற்காரியின் அக்கா துணி ஆலைத் தீயில் செத்துப்போனாள். கதவு திறந்துதான் இருந்தது, கைப்பையை எடுக்க அவளே திரும்ப உள்ளே போனாள் என்றது நிர்வாகம். ஆலை மெக்கானிக் வெளியே நின்று போனில் எடுத்த வீடியோ படத்திலோ கதவில் பூட்டுத் தொங்கியது. இணையதளங்களிலிருந்து படத்தை நிர்வாகம் தூக்க வைத்தது. மனிதர் அசரவில்லை, தன் கணினியிலிருந்தே பகிர்ந்தார். ஊர்ப்பட்ட பேர் இறக்கினார்கள். எல்லாருக்கும் தொண்ணூற்றெட்டு சதவீதம் காட்டியது. இத்தனை பேரிடம் இருக்கிறதே, சேர்ந்தால் முழுசாகிவிடும் என்று கணினியை அணைத்துவிட்டார். எல்லாரிடமும் இல்லாமல் போனது அதே ஒரு துண்டு; அது அவர் கணினியில் மட்டும்தான் இருந்தது.

நடுவில் தாவும் அந்தப் படத்தைப் பார்த்து ஆலை வக்கீல் சிரித்தாராம். வெட்டி ஒட்டியது என்றாராம்.

3
முதல் வரைவில் மெக்கானிக் நல்லவர். தையற்காரி போன் செய்ததுமே கணினியைப் போட்டார். கதை சப்பென்று ஆனது, நானும் நம்பவில்லை. ஆகவே அவளை அவர் வீட்டுக்கே அனுப்பினேன்.

“அண்ணே, ஒரே ஒரு தடவை ஆன் பண்ணுங்க. அந்தத் துண்டு போனதும் அணைச்சிடுங்க.”

“போனவ திரும்பி வரப்போறாளாம்மா? இப்பதான் என்னை சூப்பர்வைசர் ஆக்கியிருக்காங்க.”

“தங்கச்சி தங்கச்சின்னு வாய் நிறையக் கூப்பிட்டீங்களே அவள!”

“எனக்கும் புள்ளகுட்டி இருக்கு.”

“அவ கதவத் தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

அவர் எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

(அவர் பக்கத்தையும் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறார் ஒரு நண்பர். புரிகிறது சாமி. புரிந்தும் வயிறு எரிகிறது.)

4
முடிவு ஒன்று: அவர் மனம் மாறுகிறார். இன்னொன்று: தையற்காரி கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடு...

வேண்டாம். அப்புறம் அவளைத் திருடி என்பார்கள்.

நான் ஒரு வரி எழுதினால் போதும், கணினி ஓடும், நூறு சதவீதம் வந்துவிடும். நீங்கள் நிம்மதியாக மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பீர்கள். எழுதமாட்டேன். எழுதினால் படம் முழுசாவது இந்தத் தாளில் மட்டும்தான். கைப்பைக்காகச் செத்தவள் என்ற பழி அப்படியே இருக்கும்.

நாளைக்கு அவள் மறுபடியும் அவர் வீட்டுக்குப் போகிறாள். தனியாக. கூட யாராவது போங்களேன்.