ஐலர்ட்டின் சோக நாடகம்

பதினெட்டு வருடமாக எங்கள் ஊர் மேடையில் ஐலர்ட் ஹார்ம்ஸ் எழுதிய நாடகங்களைத்தான் போடுகிறோம். ஐலர்ட்டுக்குக் கடலோர மதகில் வேலை. கடல் ஏறும்போது கதவை மூடுவார், இறங்கும்போது திறப்பார். நடுவில் கிடைக்கும் நேரத்தில் எழுதுவார். எல்லாம் எங்கள் வட்டாரப் பேச்சில், எல்லாம் சிரிப்பு நாடகம். பன்றி காணாமல் போகும், போதகர் யாருடைய அலமாரிக்குள்ளாவது மாட்டிக்கொள்வார், கடைசியில் கல்யாணம். மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து, மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பது என் வேலை; என் பெயர் ஓக்கா.

இந்த வருடம் இரண்டு நாடகம் எழுதியிருந்தார். முதலாவதை நவம்பரில் போட்டோம், பன்றி கிடைத்துவிட்டது. இரண்டாவதைப் பற்றிப் பேச எல்லோரும் தேநீருக்குக் கூடினோம்.

"இது சிரிப்பு இல்ல," என்றார் ஐலர்ட்.

"பன்னி வருமாண்ணே?" என்று கேட்டான் ஹின்ரிக். எங்கள் கதாநாயகன்.

"வருது. ஆனா செத்துப்போயிடுது."

ஒருத்தி பெட்டி கட்டிக்கொண்டு புருஷனை விட்டுப் போகிறாள். அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, காற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் கதை. ஏழு வருடம் முன்னால் ஐலர்ட்டை விட்டுப் போன அவர் மனைவி கெஷே பக்கத்து டவுன் ரொட்டிக்கடையில் இருக்கிறாள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தேநீரில் இன்னொரு கல்கண்டு போட்டுக்கொண்டோம்.

மொத்தம் நாலு நாள் காட்சி; முதலாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். காலையிலேயே ஹின்ரிக்குக்குத் தொண்டை கட்டிவிட்டது. வசனம் முழுக்கத் தெரிந்தவர் ஐலர்ட் ஒருவர்தான். அவரே மேடை ஏறினார்.

நாலாவது வரிசையில் கெஷே உட்கார்ந்திருந்தாள்.

ஐலர்ட் நாற்காலியில் உட்கார்ந்ததுமே கூட்டம் சிரித்தது. "காத்து வடமேற்கு," என்றார். கைதட்டல். பன்றி செத்த சேதி வந்தபோது முன்வரிசைக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், சிரித்துத்தான். பதினெட்டு வருடப் பழக்கம் ஒரு மதியத்தில் போகுமா?

மனைவியாக நடித்தவள் வூப்கே, தபால்காரி. பெட்டியை மூடிவிட்டுக் கேட்டாள்: "நீ எதுவுமே சொல்லப் போறதில்லையா?"

"நாலு மணிக்குக் கடல் ஏறும்" என்பது அவர் வசனம். சொல்லவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். பேசாமல் இருந்தார். சத்தமாகச் சொன்னேன். கூட்டத்துக்கே கேட்டது, ஒரே சிரிப்பு.

ஐலர்ட் குனிந்து என்னைப் பார்த்தார்.

"தெரியும் ஓக்கா. அதச் சொல்லித்தானே கெட்டேன்."

சிரிப்பு நின்றது. அவர் வூப்கே பக்கம் திரும்பி, "போகாத," என்றார்.

அது எழுத்தில் இல்லை. வூப்கே பெட்டியோடு என்னைப் பார்த்தாள். நான் தாளைப் புரட்டினேன். அங்கே ஒன்றும் இல்லை.

"எழுதினபடி போ," என்றேன்.

போனாள். திரை விழுந்தது. பிறகு தட்டினார்கள், மெதுவாக.

கெஷே மேடைக்குப் பின்னால் வந்தாள்.

"நான் பெட்டி எடுத்துட்டுப் போகல. ரெண்டு பை."

"மேடைக்குப் பெட்டிதான் நல்லா இருக்கும்," என்றார் ஐலர்ட்.

"பன்னியும் சாகல. நீதான் வித்த."

"ஆமா."

"அந்தக் கடைசி வார்த்தைய நீ அன்னிக்குச் சொல்லல."

"அன்னிக்குத் தோணல."

"ஏழு வருஷம் ஆச்சாக்கும், தோண?"

"ஆமா."

அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். "எழுத்துல சேர்த்துடு. அந்தப் பொண்ணு பாவம், முழிச்சிக்கிட்டு நின்னா."

ஐலர்ட் என் பென்சிலை வாங்கி அங்கேயே எழுதினார். அப்புறம் பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவளோடு நடந்தார். கெஷே அதற்குப் பிறகும் ஊருக்குத் திரும்பி வரவில்லை; ஆனால் அன்று பேருந்து இருபது நிமிடம் தாமதம், அவ்வளவு நேரமும் இருவரும் பேசிக்கொண்டிருந்ததை வூப்கே பார்த்தாளாம்.

ஹின்ரிக்குக்கு மறுநாளே தொண்டை சரியாகிவிட்டது. மீதி மூன்று காட்சியிலும் ஐலர்ட்தான் நடித்தார்.