பொழுதுக்கு முன் கை நனைக்க வேண்டும்

எங்கள் அண்ணன் ஜீவேந்திரனுக்கு மூளை உண்டு. அதை எப்போது பூட்டி வைக்க வேண்டும் என்றுதான் தெரியாது.

ஐம்பத்தெட்டு ஐப்பசியில், அக்கா அனந்தவல்லியைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து வந்தவர்களின் பஸ் திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம் சேற்றில் மாட்டிக்கொண்டது. மதியம் வர வேண்டியவர்கள் சாயங்காலம் தெப்பமாக நனைந்து வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையின் கைக்கடிகாரம்கூடத் தண்ணீர் புகுந்து நின்றிருந்தது. அக்காவைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது; முகமே சொன்னது. இனி எங்கள் வீட்டில் கை நனைத்துச் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். போன வருஷம் வந்த செஞ்சிக்காரர்கள் கை நனைக்காமல் போனார்கள், போனது போனதுதான். அக்கா வெகுநாள் யாரோடும் பேசவில்லை.

ஆனால் நாங்களும் வந்தவர்களும் ஜைனர்கள். பொழுது சாய்ந்துவிட்டால் ஒரு பருக்கை உள்ளே போகாது. அந்த அடைமழையில் சூரியன் எங்கே இருக்கிறது என்று யார் கண்டார்கள்? கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைத்தான் எல்லோரும் நம்பியிருந்தோம்.

வந்தவர்கள் பின்கட்டில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது நான் இலை போடக் கூடத்துக்குப் போனேன். அண்ணன் முக்காலியில் ஏறி நின்று பெரிய முள்ளைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தான்.

"வாயைத் தெறந்தே, தொலைச்சிடுவேன் மதி," என்றான். "இவங்களும் சாப்பிடாம போய்ட்டா அக்கா கதி என்னா?"

"பாவம்ண்ணா. பொழுது போனப்புறம் சோறு போடறதா? அப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாரு."

"நீ சொன்னாத்தான தெரியும்."

அப்பாவின் அடிக்குப் பயந்தேன். பாவத்துக்கு அதைவிடப் பயந்தேன். அடுப்படிக்கு ஓடி அக்காவின் காதில் சொன்னேன். அவள் முகம் வெளிறியது. சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள்.

எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. இலையில் கூட்டும் அப்பளமும் வைத்தாகிவிட்டது. அப்பா கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் நேரம் இருக்குதுங்க, நிதானமா சாப்பிடுங்க," என்றார். மாப்பிள்ளையின் அம்மா இலைக்குக் கையைக் கொண்டுபோனார்.

"சாப்பிடாதீங்க," என்றாள் அக்கா. "கடியாரம் தப்புங்க. பொழுது சாஞ்சிடுச்சு. நாந்தான் முள்ளைத் தள்ளி வெச்சேன்."

அப்பா எழுந்து கையை ஓங்கினார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அடிச் சத்தம் கேட்கவில்லை. திறந்து பார்த்தால் அண்ணன் இருவருக்கும் நடுவில் நின்று, "அக்கா இல்லப்பா, நானு," என்று பல் தந்தியடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் தானாக ஒப்புக்கொண்ட முதல் குற்றம் அதுதான். அப்பாவின் கை இன்னும் இறங்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா இலையை விட்டு எழுந்தார். இதுவும் போயிற்று என்று எனக்கு அழுகை முட்டியது. அக்கா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த மழையில நனைஞ்சிக்கினு நாங்க எங்க போறது?" என்றார் அந்த அம்மாள், அக்காவைப் பார்த்து. "பாய் இருந்தா போடும்மா. காலையில பொழுது கெளம்பினதும் கை நனைக்கிறோம். நீயே பரிமாறு."

பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"கையைக் கீழ போடுங்க, சம்பந்தி."