இடது கைப் பெருவிரல்

மாரிசாமி பொண்டாட்டியை அடிக்கிறது அச்சங்குளத்துக்குப் புதுசில்லை. ஒரு தாளுக்காக அடிச்சது மட்டும் அந்த வாரந்தான் முதல் தடவை.

தாள்னா கவர்மெண்டுத் தாள். பொம்பளைக சொந்தமாச் சின்னத் தொழில் தொடங்க முந்நூறு ரூபாய் மானியம், திருப்பிக் கட்டவே வேண்டாம்னு கிராம சேவிகா பொன்னுத்தங்கம் மாதர் சங்கத்துல வந்து சொன்னா. கூடியிருந்த இருபது பேர்ல பத்தொம்பது பேர் சிரிச்சாக. பஞ்சம்மாள் சிரிக்கலை. கையால சுத்துற மிளகாய் அரைக்கிற மிஷின் என்ன விலைன்னு விருதுநகர் வரைக்கும் போய்க் கேட்டுட்டு வந்தா. பதினோரு வருசமா வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுறவ அவ. பசையில ஊறி ஊறி நகமெல்லாம் வெந்து கிடந்துச்சு. மிளகாய் வத்தல் வாங்கி அரைச்சு, பொடியாச் சந்தைக்குக் கொண்டு போனா இன்னொருத்தன் வாசல்ல போய்க் கைகட்டி நிக்க வேண்டாம். அவளுக்கு வேண்டியது அம்புட்டுத்தான்.

ஒரே ஒரு முட்டுக்கட்டை. கட்டின புருசன் சம்மதம்னு அந்தத் தாள்ல கைநாட்டு வைக்கணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள தாள் பிளாக் ஆபீசுக்குப் போய்ச் சேரணும். அதுக்கப்புறம் அந்த வருசப் பணம் திரும்பிப் போயிரும்.

சேதி, அவ குழாய் உருட்டிக் குடுக்கிற ஏஜெண்டு காசிராஜன் காதுக்குப் போச்சு. தீபாவளி சீசன், ஆர்டர் கழுத்தைப் பிடிக்குது. இன்னைக்கு ஒருத்தி போனா நாளைக்கு ஊரே போகும்னு அவனுக்குத் தெரியாதா? மாரிசாமியைக் கூப்பிட்டுக் கள்ளச்சாராயம் ஊத்திக் குடுத்து, "ஏலே, பொண்டாட்டி மொதலாளி ஆயிட்டா நீ வீட்டுல என்னலே ஆவ?"ன்னு கேட்டான். ஏற்கெனவே குரங்கு, அது கள்ளும் குடிச்சா கேக்கணுமா.

திங்கக்கிழமை மாரிசாமி தாளைக் கிழிச்சுப் போட்டு, காது கிர்ருங்கிற மாதிரி அறைஞ்சான். பொன்னுத்தங்கம் வேற தாள் குடுத்து, இதுதான் கடைசின்னு சொல்லிட்டுப் போனா. புதன்கிழமை திரும்பக் கேட்டதுக்குக் கூந்தலைப் பிடிச்சுத் தெரு வரைக்கும் இழுத்துட்டு வந்து மிதிச்சான். கீழ்ப்பல்லு ஒண்ணு போச்சு. தெருவே நின்னு பாத்துச்சு. பாக்குறதுக்கு என்னைக்கு ஆள் இல்லாமப் போச்சு? தாளை மட்டும் அவ அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தா.

வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் அவ உரல்ல வத்தல் இடிச்சுக்கிட்டிருந்தா. மாரிசாமி கண்ணைக் கசக்கிக்கிட்டு எழுந்து வந்தான்.

"இன்னைக்குக் கடைசி நாளு. ஒரு விரலை வச்சா உனக்கு என்ன கொறைஞ்சு போகும்?"

"என் மானம் கொறையும்டி."

"சாராயக் கடையில வச்சுட்டு வந்தியே, அந்த மானமா?"

உரல்ல இருந்த பொடியை ரெண்டு கையாலயும் அள்ளி அவ மூஞ்சியில அப்பித் தேச்சான். கண்ணு ரெண்டும் தீப்பிடிச்சாப்புல ஆயிருச்சு. அடிவயித்துல ஒரு மிதி விழுந்துச்சு. அவ கையில உலக்கை இருந்துச்சு, வீசினா. முதல் வீச்சுல அவன் இடது கை எலும்பு முறிஞ்சது காதுல கேட்டுச்சு. ரெண்டாவது வீச்சு மண்டையில விழுந்துச்சு. முதல் வீச்சு கண்ணு தெரியாம விழுந்ததுன்னு கோயில்ல நின்னு சத்தியம் பண்ணலாம். ரெண்டாவதுக்குப் பண்ண முடியாது.

தண்ணியை அள்ளி அள்ளிக் கண்ணுல அடிச்சா. அவன் பேச்சு மூச்சில்லாமக் கிடந்தான், காதோரமா ரத்தம் வடிஞ்சுச்சு. மூக்குல விரல் வச்சுப் பாத்தா, மூச்சு ஓடுச்சு. ஐயோ என் மனுசன்னு நெஞ்சு ஒரு தடவை அடிச்சுக்கிட்டுது. அடுத்தாப்புல பிளாக் ஆபீசுக்குப் போற பஸ்ஸு நெனப்பு வந்துருச்சு. விளக்குக் கரியில எண்ணெய் விட்டுக் குழைச்சு, அவன் வலது கைப் பெருவிரல்ல தடவி, தாள்ல அழுத்தினா. பக்கத்து வீட்டு ராக்காயியைக் கூப்பிட்டு, "முழிச்சா தண்ணி குடு"ன்னு சொல்லிட்டு ஓடுனா.

பிளாக் ஆபீஸ் குமாஸ்தா தாளைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தார். "ஏம்மா, இது எந்தக் கை?"

"வலது கைங்கய்யா."

"ஆம்பளைன்னா இடது கைப் பெருவிரல்ல வைக்கணும். வலது கை பொம்பளைக்கு."

பதினோரு வருசமாச் சனிக்கிழமை தவறாம ஏஜெண்டு கூலி நோட்டுல அவளும் மத்த பொம்பளைகளும் வச்சதெல்லாம் வலது கை. உலகத்துக்கே அதுதான் முறைன்னு நெனச்சிருந்தா. அங்கனயே உக்காந்துட்டா.

"வேற வழியே இல்லையாய்யா?"

அவர் தலை நிமிராம ஆபீஸ் விதியைச் சொன்னார். "புருசன் உசுரோட இருந்தா இடது கைப் பெருவிரல். செத்துப் போயிருந்தா அவன் கைநாட்டே தேவையில்லை, உன்னது போதும். எதுவானாலும் இதே தாள்ல பக்கத்துலயே வச்சு, அஞ்சு மணிக்குள்ள கொண்டா."

அவ வீட்டுக்குள்ள நுழையுறப்போ மாரிசாமி சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தான். ராக்காயி தலையில துணி கட்டி விட்டிருந்தா. இடது கை தோள் வரைக்கும் வீங்கிக் கிடந்துச்சு.

"போலீசுக்குப் போறேன்டி. உன்னை உள்ள தள்ளாம விடமாட்டேன்."

பஞ்சம்மாள் அவன் எதிர்ல சம்மணம் போட்டு உக்காந்து, குமாஸ்தா சொன்னதை அப்படியே சொன்னா. உசுரோட இருந்தா என்ன வேணும், செத்துப் போயிருந்தா என்ன வேணும், எத்தனை மணிக்குள்ள வேணும், எல்லாத்தையும் சொன்னா. தன் பங்குக்கு ஒரு வார்த்தை கூடச் சேக்கலை. ராக்காயி எழுந்து வெளிய போயிட்டா.

மாரிசாமி அவ மூஞ்சியையே பாத்தான். கண்ணு ரத்தக் கட்டியாச் சிவந்திருந்துச்சு, குரல்ல கோவமே இல்லை. இடது கையைத் தூக்கப் பாத்தான், வரலை.

"நீயே எடுத்துக்க புள்ள" என்றான்.

முறிஞ்ச கையை அவ இழுத்தப்போ அவன் போட்ட கத்தல் தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. அவளுக்குப் பாவமாத்தான் இருந்துச்சு, ஆனா விடலை. ரேகை விடாமப் பதியணும்னு விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிதானமா உருட்டி அழுத்தினா. அவன் கையை இழுத்துக்கவே இல்லை.

நாலே முக்காலுக்குக் குமாஸ்தா மறுபடியும் தாளைத் தூக்கிப் பாத்தார். அப்புறம் அவ உதட்டையும் கண்ணையும் பாத்தார்.

"சம்மதிச்சுத்தான் வச்சாரா?"

"ஆமாங்கய்யா" என்றாள் பஞ்சம்மாள். "நல்லா யோசிச்சு வச்சாரு."