மாமன் மடி

என் கணவருக்குக் கஞ்சா கடத்துகிறவர்களைப் பிடிக்கிற உத்தியோகம். ஆப்காரி ஜவான் என்று தெரிந்தால் திருத்தணியில் வாடகைக்கு வீடு கிடைக்காது. பால்காரி கூட நின்று பேச மாட்டாள். ஊர்ப் பகை போதாதென்று வீட்டுக்குள்ளும் பகை. கடப்பைப் பக்கத்திலிருந்து கஞ்சா கொண்டுவந்து விற்றதாக என் தம்பி பங்காருமேலேயே வாரண்டு இருந்தது.

அவன் செய்தது சரியென்று நான் சொல்லவில்லை. யுத்தத்தில் நூலுக்குக் கண்ட்ரோல் வந்து, பொதட்டூர்பேட்டையில் தறி நின்றதும் அந்தக் குழியில் விழுந்தான். அவன் அகப்படாததால், "மச்சானை ஒளித்து வைத்திருக்கிறாயா?" என்று இன்ஸ்பெக்டர் என் கணவரைக் காய்ச்சினார். வரவேண்டிய பதவி உயர்வும் நின்றுபோனது. ஆத்திரத்தை அவர் என்மேல் இறக்கினார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் தேனாய்ப் பேசினார்.

"ஜெயம்மா, கொழந்தைக்கு காது குத்தணுமே. தாய்மாமன் மடி இல்லாம எப்புடி? நீயே வெத்திலபாக்கோட போயி கூட்டிகினு வா. அன்னிக்கு ஒருநாள் நான் அவனப் பாக்காத மாரி இருந்துக்கறேன்."

நம்பினேன். கட்டிய புருஷனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

பெரியம்மா வீட்டில் பதுங்கியிருந்த பங்காரு தாம்பூலத் தட்டைப் பார்த்ததும் சிரித்தான்.

"பாவா வுட்ருவாராக்கா?" என் கணவரை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"அன்னிக்கு பாக்காத மாரி இருந்துக்கறேன்னு சொல்லிக்கிறாருடா."

"அப்ப வரேன். மாமன் நான் உசுரோட இருக்கசொல்ல கொழந்தை வேற மடியிலயா உக்காரும்?"

மலைமேல் மண்டபத்தில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய என் பெண்ணை அவன் மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி வலது காதைக் குத்தினார். வீறிட்ட குழந்தைக்கு அவன் வெல்லம் ஊட்டிக்கொண்டிருந்தான். அப்போது பக்கத்திலிருந்த நான்கு மொட்டைத் தலைகள் எழுந்தன. பக்தர்கள் இல்லை, ஜவான்கள். முருகனுக்குக் கொடுக்கிற முடியையும் வேஷத்துக்குக் கொடுத்த படுபாவிகள்.

"புடிங்கடா!" என்றார் என் கணவர்.

குழந்தையை உதறிவிட்டு ஓடியிருக்கலாம். பங்காரு ஓடவில்லை.

"பாவா, இன்னொரு காது பாக்கி கீது. குத்தி முடிச்சதும் நானே வரேன்."

"எழுந்திருடா!"

குழந்தையைப் பிடுங்கி என் கையில் திணித்தார். விலங்கு மாட்டினார்கள்.

"நீயாக்கா?" என்றான் தம்பி.

"இல்லடா, முருகன் சத்தியமா இல்லடா!" என்று கத்தினேன். அவன் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினான்.

என் கணவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். "கொழந்தையக் குடு. நல்ல நேரம் போவுது. நான் வெச்சிக்கறேன்."

"தொடாதீங்க. அவன் வெளிய வர்ற வரிக்கும் எம்பொண்ணுக்கு ஒத்தக் காதுதான். கேக்கறவங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

பதவி உயர்வு வந்தது. வாழ்த்துச் சொல்ல மனைவியோடு வீட்டுக்கு வந்தார் இன்ஸ்பெக்டர். அந்த அம்மாள் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சினாள். அதன் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதென்ன, ஒரு காதுதான் குத்தியிருக்கு?"

நான் என் கணவர் பக்கம் திரும்பினேன்.

"சொல்லுங்க," என்றேன்.