சகலைகளின் விசிட்டிங் கார்டு

அக்காமார் வீட்டுக்காரர்கள் இருவரும் கூட்டாக ஏசி ரிப்பேர் கடை தொடங்கியபோது, விசிட்டிங் கார்டு போடும் வேலை கடைக்குட்டித் தங்கையின் தலையில் விழுந்தது. டிசைன்தான் அவள் பிழைப்பு. சொந்தக்காரர் வேலை என்றால் கூலி வராது, குறை மட்டும் வரும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

பெரியத்தான் பேச்சில் வல்லவர். சின்னத்தானுக்குக் கைதான் பேசும். ஆனால் கார்டு என்றதும் அவரும் வாய் திறந்தார். தன் பெயர்தான் மேலே வரவேண்டும் என்று இருவரும் தனித்தனியே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். பெரியவருக்கு 'நிர்வாகப் பங்குதாரர்' என்ற பட்டம் வேறு, ஓரத்தை முட்டும் அளவுக்கு வேண்டும். கார்டுகளை அடுக்கி வெட்டும்போது கத்தி மயிரிழை நகர்ந்தாலும் எழுத்து போய்விடும், பின்னணி நீலம் மட்டும்தான் வெட்டுக்கோட்டைத் தாண்டலாம், எழுத்து உள்ளே தள்ளித்தான் இருக்கவேண்டும் என்று அவள் விளக்கினாள். இது சின்னவர் சொல்லிக்கொடுத்த பாடம் என்று பெரியவர் முடிவுகட்டினார்.

கடைசியில் ஆளுக்கொரு பக்கம் கொடுத்தாள். உடனே, எது முன்பக்கம் என்று கேட்டார்கள்.

"யாரு குடுக்கறாங்களோ அவங்க பக்கம்தான் முன்பக்கம், அத்தான்."

அது இருவருக்கும் பிடித்திருந்தது. திரையில் மின்னும் நீலத்தை அச்சு மைக்கு ஒத்துவரும் நீலமாக மாற்றி ஃபைலை அனுப்பினாள்.

கார்டு வருவதற்குள் கடை இரண்டாகிவிட்டது. மொட்டைமாடி வெயிலில் யார் ஏறுவது என்று ஆரம்பித்த பேச்சு முற்றி, அக்காமார்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவள் அச்சகத்துக்குப் போன் செய்தபோது எல்லாம் வெட்டிக் கட்டி வைத்தாயிற்று. ஆளுக்குப் பாதி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பெரியவர் பின்பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி சின்னவரை மறைத்தார். சின்னவர் மார்க்கரை எடுத்துப் பெரியவர் மேல் ஒரே கோடாக இழுத்தார். ஆனால் மறைத்ததைப் பார்க்காவிட்டால் மனிதனுக்குத் தூக்கம் வருமா? வாங்கியவர்கள் தாளைப் பிய்த்தார்கள், கோட்டுக்கு அடியில் இருந்த எண்ணை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்கள். இவ்வளவு பயந்து மறைக்கிறான் என்றால் அந்த ஆள் கெட்டிக்காரனாகத்தான் இருக்கவேண்டும் என்று அந்த எண்ணுக்கே கூப்பிட்டார்கள். பெரியவர் கார்டு கொடுக்கக் கொடுக்கச் சின்னவருக்கு வேலை குவிந்தது. சின்னவர் கார்டால் பெரியவருக்கு மூச்சுவிட நேரமில்லை.

கார்டு தீர்ந்ததும் பெரியவர் அவளைத் தேடி வந்தார். தன் கார்டைப் பற்றிப் பேசவே இல்லை.

"அவன் புதுசா கார்டு போடும்போது பின்னாடி என் நம்பரையும் போட்டுடு. மேல ஒரு கோடு மட்டும் இழுத்துடு. கோடு போட்டு அடிச்சிருந்தா அவனுக்கும் சந்தோஷமா இருக்கும்."

மறுநாள் சின்னவர் வந்து, பெரியவர் கார்டில் தன்னை அடித்துப் போடச் சொன்னார். அவர் மனசும் குளிரட்டுமே என்றார்.

அவள் இருவருக்கும் சரி என்றாள். கோடு தடித்தால் எண் மறைந்துவிடும், மெலிந்தால் அடித்தது தெரியாது. அதைச் சரிசெய்யவே அரைநாள் போயிற்று.

சாயங்காலம் அச்சகக்காரர் கூப்பிட்டார். பின்பக்கம் ஏதோ தப்பாக வந்திருக்கிறது, கோட்டை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார்.

"ஐயோ, எடுத்துடாதீங்க அண்ணா," என்றாள். "அதுலதான் ரெண்டு குடும்பம் நடக்குது."