ஒளிவட்டம் வேண்டாத முகம்

இரவெல்லாம் பெய்து ஓய்ந்த மழையின் ஈரம் கூரை ஓடுகளினின்றும் இன்னும் சொட்டிக்கொண்டிருக்க, ஆற்றின் வளைவை ஒட்டி மேடும் பள்ளமுமாய்க் கிடந்த அந்நகரத்தின்மேல் காலைக் கதிர் மெல்லப் படர்ந்து, முதலில் பாலத்தின் கைப்பிடிச் சுவரையும், பின்னர்க் கரையோரக் கிடங்குகளின் தகரக் கதவுகளையும், அதன்பின் படிப்படியாய் ஏறிச்செல்லும் குறுந்தெருக்களையும் தொட்டு, ஈற்றில் மேட்டின் உச்சியில் கருங்கல்லால் எழுந்து நின்ற கிறித்தவக் கோயிலின் கிழக்குச் சுவரை அடைந்தது. அடைந்ததேயன்றி உள்ளே நுழைய அதற்கு வழியில்லை. அச்சுவரின் பெருஞ்சாளரம் சென்ற ஆண்டுப் புயலில் நொறுங்கிப்போக, அவ்விடத்தில் மரப்பலகைகளை வைத்து ஆணி அறைந்திருந்தார்கள்.

அப்பலகைகளை அகற்றிப் புதுச் சாளரம் பொருத்தும் பணி யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அறிந்தால், இதைப் படிக்கும் அறிவுடையீர், நீங்களும் மூக்கின்மேல் விரலை வைப்பீர்கள். கடவுள் உண்டென்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதவளும், ஒப்புக்கொள்ளாததை ஒளித்துவைக்கத் தெரியாதவளுமான ஒரு பெண்ணே அதை ஏற்றிருந்தாள். நகரத்தார் அவளைக் கண்ணாடிக்காரி என்றே அழைத்தனர். அவளினும் ஆறாண்டு மூத்த அக்காள் மட்டும், நாற்பதைக் கடந்துவிட்ட அவளை இன்றளவும் 'சின்னவளே' என்று கூப்பிட்டுவந்தாள். கிடங்குகளுக்குப் பின்னால் அவர்களுடைய பட்டறை. தங்கை வண்ணக் கண்ணாடியை வைரமுனையால் கீறி வெட்டி, துண்டுகளை ஈயப் பட்டைகளின் இடையே செருகி, மூட்டுதோறும் உருக்கிப் பற்றவைப்பாள். அக்காள், சித்திர உருவங்களின் கையும் காலும் ஆடையின் மடிப்பும் கண்ணாடியின்மேல் கருமையால் தீட்டிச் சூளையில் வேகவைப்பாள். அக்காளுக்கு இடக்காது கேளாது. ஆகவே அவளோடு பேசுவோர் வலப்பக்கம் வந்து நின்றே பேசுவார்கள்.

அக்காது கேளாமற்போன கதை நெடியதன்று. கட்டியவன் கைநீட்டுகிறவன். அந்நாளில் அவள் நம்பிக்கையுள்ளவளாய் அம்மேட்டுக் கோயிலுக்கே போய்வந்தாள். அங்குள்ளோர், மன்னிப்புக்குக் கணக்கு வைக்காதே என்றும், அடித்தவனுக்கு மறுகன்னத்தையும் காட்டு என்றும் அவளுக்கே திரும்பத் திரும்ப ஓதினரேயன்றி, அடித்தவனை அழைத்து ஏனென்று கேட்டவர் ஒருவரும் இலர். எனக்கு இதை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. மன்னிப்பு என்னும் உயர்ந்த பொருளை அடிபடுகிறவள் தலையில் மட்டும் ஏற்றிவைத்துவிட்டு, அடிக்கிறவனைக் கைவீசி நடக்கவிடுவது எந்த ஊர் அறம்? பதினோராண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு காலை, குருதி வழியும் காதோடு அவள் கோயிற்படியில் உட்கார்ந்திருந்தபோது, செய்தி கேட்டு ஓடிவந்து, தோளில் தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனவள் இந்தச் சின்னவள்தான். அதன்பின் அக்காள் கணவன் வீட்டுக்கும் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. முன்பு தேர்ந்த கையோடு முகங்கள் தீட்டிவந்தவள், அன்றுமுதல் முகம் தீட்டுவதையும் விட்டுவிட்டாள்.

எட்டுத் திங்களுக்கு முன் அக்கோயிலுக்குப் புதிதாய் வந்த இளவயது ஆயர் பட்டறைக்கு வந்து, வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் கதையைச் சாளரமாக்கித் தரவேண்டுமென்று கேட்டபோது, தங்கை அவருக்கு வாயிலைக் காட்டுவாள் என்றே அக்காள் எதிர்பார்த்தாள். தங்கையோ முகம் மலர்ந்தாள். அக்கதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கள்வர் கையில் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்த ஒருவனைக் கண்டும், குரு ஒருவரும் கோயிற்பணியாளர் ஒருவரும் ஒதுங்கிப்போயினர். பின்னால் வந்த அயலான் ஒருவன், அம்மக்கள் தம் நம்பிக்கைக்குப் புறம்பானவன் என்று இகழ்ந்த இனத்தவன், நின்று, காயத்தைக் கட்டி, தூக்கிச்சென்று காப்பாற்றினான்.

"நீங்கதான் எதையும் நம்புறதில்லையே. இதை மட்டும் எப்படி ஒத்துக்கிட்டீங்க?" என்று ஆயர் வியப்போடு கேட்டார்.

"நம்புறதில்லைன்னா படிக்கிறதில்லைன்னு அர்த்தமா ஐயா? உங்க ஆளுங்க பாதிப் பேரை விட நான் நல்லாவே படிச்சிருக்கேன். உங்க இயேசு சொன்னதுல எனக்கு ஒத்துவர்றதும் இருக்கு, ஒத்துவராததும் இருக்கு. நாளைக்குன்னு கவலைப்படாதேன்னா, என் சூளைக்கு விறகு யாரு கொண்டுவந்து போடுவா? நரகத்தைக் காட்டி ஒருத்தனை நல்லவனாக்குறதும் எனக்குப் பிடிக்காது. பயந்துக்கிட்டு நல்லவனா இருக்கிறவன் பயம் விட்டுப்போனா என்ன ஆவான்? கன்னத்தைக் காட்டுங்கிற விஷயத்தை, எங்க அக்காவுக்கு இடப்பக்கமா நின்னு சொல்லிப் பாருங்க. ஆனா இந்தக் கதை இருக்கே, இது வேற. நம்புறவன் ஒதுங்கிப் போறான், நம்பாதவன்னு தள்ளிவெச்சவன் வந்து தூக்குறான். தன் ஆளுங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே இப்படி ஒரு கதை சொல்லத் துணிச்சல் வேணும். சொன்னவரை நான் கும்பிட மாட்டேன். ஆனா எழுந்து நிப்பேன்."

ஆயர் சிரித்துவிட்டார், அவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. உருவங்களை வெறுங்கோடாய் மட்டும் வரைந்துகாட்டிய தாளில் கோயில் அவையினர் எழுவரும் ஒப்பமிட்டனர்.

அவ்வெட்டுத் திங்களும் சகோதரியர் இருவரும் வேறு வேலை தொடவில்லை. ஆற்றுநீலமும் இலைப்பச்சையும் சுட்ட செங்கலின் சிவப்புமாய் இருநூற்றுப் பதினேழு துண்டுகள் ஒன்றோடொன்று கூடிக்கூடி, இரண்டாள் உயரச் சாளரமாய் வளர்ந்தன. ஒதுங்கிப்போன இருவரையும் அக்காள் முகம் காட்டாமல் முதுகாகவே தீட்டியிருந்தாள். ஆனால் குனிந்து தூக்குகிற அயலானுக்கு, யாரும் கேளாமலேயே, பதினோராண்டுக்குப்பின் தன் முதல் முகத்தைத் தீட்டினாள். தாடி அடர்ந்த, நெற்றி சுருங்கிய, சினமும் இரக்கமும் ஒன்றாய்க் கலந்த முகம். தங்கை அதை வெளிச்சத்தில் ஏந்திப் பார்த்து, "இவனை எங்கேயோ பாத்திருக்கேன்க்கா. அப்பா சாடையா?" என்று கேட்டாள். "பாத்திருப்ப" என்றதோடு அக்காள் பேச்சை முடித்துக்கொண்டாள்.

பொருத்துவதற்கு இரண்டு நாளுக்கு முன், வியாழன் காலையில், கோயில் அவையின் தலைவரான மரக்கடைப் பெரியவர் ஆயரையும் அழைத்துக்கொண்டு சாளரத்தைப் பார்க்க வந்தார். கெட்டவர் அல்லர், பள்ளிக்கூடத்துக் கூரைக்கு மரம் கொடுத்தவர், ஒரு வழிபாட்டுக்கும் நேரம் தப்பாதவர். நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, "வேலை அருமை. ஆனா தலைக்குப் பின்னாடி ஒளிவட்டத்தைக் காணோமே?" என்றார்.

"யாருக்குங்க?"

"தூக்குறவருக்குத்தான். நல்லது செய்யறவர் தலைக்குப் பின்னாடி வளையம் இல்லாம எந்தக் கோயில் சன்னல்லயும் நான் பாத்ததில்லை."

"பாத்திருக்க மாட்டீங்க. அவன் உங்க ஆளு இல்லைங்க பெரியவரே. அதுதானே கதையே. வளையத்தை மாட்டிட்டா அவனும் உங்க ஆளாயிடுவான். அப்புறம் நல்லவர் ஒருத்தர் நல்லது செஞ்சார்னு ஆயிடும். அதைச் சொல்ல எதுக்கு ஒரு கதை?"

பெரியவர் முகம் கறுத்தது. "வாசப்படி மிதிக்காத நீ, எங்க வேதத்தை எங்களுக்கே சொல்லித்தர்றியா?"

"சொல்லித்தரலைங்க. எடுத்துப் படிச்சுப் பாருங்கன்னு சொல்றேன்."

ஆயர் குறுக்கிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார், பெரியவர் கையமர்த்தினார். நாளை மாலை அவை கூடும், அதற்குள் வளையம் வைப்பதாய் ஒத்துக்கொள்ளாவிட்டால் பலகை அப்படியே இருக்கட்டும், வேறு பட்டறைக்குச் சொல்லிக்கொள்கிறோம் என்று தீர்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பிப்போனார்.

அக்காள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு முழம் மஞ்சள் கண்ணாடி. அரைநாள் வேலை. வெச்சுக் கொடுத்துடேன் சின்னவளே. இந்தச் சன்னல் மாதிரி இன்னொண்ணு நம்ம ரெண்டு பேர் ஆயுசுல வராது. இங்கேயே சுவத்துல சாய்ச்சுவெச்சு வயசாகுறதுக்கா இவ்வளவு பாடுபட்டோம்?"

"அது நீ வரைஞ்ச முகம்க்கா. அதைச் சுத்தி ஒரு பொய்யை என் கையால பத்தவைக்க மாட்டேன்."

சொல்லும்போது அவள் நெற்றி சுருங்கியது. அக்காள் அந்த நெற்றியையே சற்றுநேரம் பார்த்திருந்துவிட்டுத் தூரிகையைக் கழுவப் போனாள்.

வெள்ளி மாலை கோயிலின் பக்க அறையில் அவை கூடிற்று. நீண்ட மேசை, சுற்றிலும் முதுகு வலிக்கும் நாற்காலிகள், மூலையில் நீர் சொட்டும் குடைகள், சுவரில் மறைந்த ஆயர்களின் படங்கள். எழுவர் அமர்ந்திருக்க, கண்ணாடிக்காரி எதிரே நின்றாள். உட்காரச் சொன்னார்கள், அவள் நின்றபடியே இருந்தாள். அவளுக்குத் துணையாய் வந்த அக்காள் கதவோரம் நின்றாள்.

"ஒரே கேள்விதான். வைப்பியா, மாட்டியா?" என்றார் பெரியவர்.

"மாட்டேங்க."

அவ்வளவே. அவள் கெஞ்சவுமில்லை, குரலை உயர்த்தவுமில்லை. எட்டுத் திங்கள் உழைப்பு ஒரு சொல்லில் கையைவிட்டுப் போகிறது என்பதை நன்கறிந்தும், தலை தாழாமல் அவள் நின்ற நிலையை நினைக்குந்தோறும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. மறுமைக் கூலி எதையும் எதிர்பாராத ஒருத்தி, தான் வணங்காத ஒருவரின் சொல்லுக்காக, அவரை வணங்குகிறவர்களிடமே வாதாடித் தோற்க ஒருப்பட்டு நின்றாள். இதைவிடப் பெரிய பெருமிதம் எதுவென்று நான் அறியேன்.

பெரியவர் தீர்மானத்தை எழுதச் சொல்லித் தாளை நகர்த்தியபோது, கதவோரம் நின்ற அக்காள் மேசையருகே வந்தாள்.

"கொஞ்சம் இருங்க. அந்த முகத்தை வரைஞ்சவ நான். யாரைப் பாத்து வரைஞ்சேன்னு யாருமே கேக்கலையே" என்று தொடங்கி, தலையைச் சற்றுத் திருப்பி வலக்காதை அவர்கள் பக்கம் வைத்துக்கொண்டாள். "பதினோரு வருசம் ஆச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை. வெளியே இருக்கிற படியிலதான் காதுல ரத்தத்தோட உக்காந்திருந்தேன். மணி அடிச்சாச்சு, எல்லாரும் என்னைச் சுத்திக்கிட்டு உள்ளே போறாங்க. பெரியவரே, நீங்க மட்டும் குனிஞ்சீங்க. பொறுத்துக்கோம்மா, ஆராதனை முடியட்டும்னு சொல்லிட்டு உள்ளே போனீங்க. அன்பாத்தான் சொன்னீங்க. இந்தக் காது கடைசியாக் கேட்டது அதைத்தான்."

பெரியவர் நகர்த்திய தாளை மீண்டும் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்புறம் ஒருத்தி ஓடி வந்தா. சாமி இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறவ. என்னைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டா. அவ முகத்தை அவ்வளவு கிட்டத்துல அன்னைக்குத்தான் பாத்தேன். அந்தக் கண்ணு, அந்த நெத்தி, எல்லாம் அப்படியே இருக்கு. தாடி மட்டும்தான் நான் சேத்தது. இப்ப சொல்லுங்க, வளையம் வைக்கணுமா? வைக்கிறதுன்னா இவ தலைக்குத்தான் வைக்கணும்."

எழுவரும் திரும்பிக் கண்ணாடிக்காரியைப் பார்த்தனர். அவளோ தன் நெற்றியைத் தானே தடவிப்பார்த்தாள். எத்தனையோ முறை ஏந்திப் பார்த்த முகம். தன்னுடையதென்று ஒருமுறையும் தோன்றவில்லையே. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "எனக்கு வேண்டாம்பா. குனிஞ்சு வேலை செய்யும்போது இடிக்கும்" என்றாள். இளைய ஆயர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

மரக்கடைப் பெரியவர் சிரிக்கவில்லை. "எனக்கு நினைவே இல்லையேம்மா" என்றார். அது உண்மையே, அவர் முகத்தைப் பார்த்தபோது யாருக்கும் ஐயமில்லை. பிறகு மெல்ல, "ஒதுங்கிப் போறாங்களே ரெண்டு பேர். அதுல ஒண்ணு நானா?" என்று கேட்டார்.

"முதுகுக்கு ஏதுங்க பேரு? திரும்பிப் பாத்தாத்தானே முகம் தெரியும்" என்றாள் அக்காள். அவள் குரலில் பகையில்லை.

பெரியவர் தீர்மானத்தாளை மடித்துத் தம் பையில் வைத்துக்கொண்டு, "முகம் அப்படியே இருக்கட்டும்" என்றார். மறுநாள் விடியற்காலையில் பலகைகளைப் பெயர்க்கச் சகோதரியர் ஏணியோடு வந்தபோது, அப்பலகைகளை ஓராண்டுக்கு முன் அறைந்த அம்முதியவர், சுத்தியலும் கையுமாய் அவர்களுக்கு முன்பே வந்து, பாதி ஆணிகளைப் பிடுங்கியிருந்தார்.

ஞாயிறு காலை வானம் வெளுத்திருந்தது. கிழக்கே எழுந்த கதிர், ஓராண்டுக்குப்பின் முதன்முறையாய் அச்சுவரைக் கடந்து உள்ளே புகுந்து, கற்றரையின்மேல் நீலமும் பச்சையும் சிவப்புமாய் விரிந்தது. கண்ணாடிக்காரி உள்ளே போகவில்லை. தெருவின் எதிர்ச்சாரியில் அக்காளின் வலப்பக்கம் நின்று வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே நிற்பவர்க்குச் சாளரத்தின் நிறம் புலப்படாது, மங்கிய கண்ணாடியும் கறுத்த ஈயக்கோடுகளுமே தெரியும். அவளுக்கு அது போதும்; நிறங்கள் உதிராமல் தாங்குவது அக்கோடுகள் என்பதையும், அவற்றில் ஒரு மூட்டும் பொய்யில்லை என்பதையும் அவள் அறிவாள்.

மணி அடித்தது. மக்கள் விரைந்து படியேறினர். அவர்களோடு ஏறிக்கொண்டிருந்த மரக்கடைப் பெரியவர், எதிர்ச்சாரியில் நிற்கும் இருவரையும் கண்டு, அக்காள் ஒருநாள் உட்கார்ந்திருந்த அதே படியில் நின்றார். பிறகு திரும்பி, இறங்கி, தெருவைக் கடந்து, சுற்றிக்கொண்டு வந்து, அக்காளின் வலப்பக்கமாய் நின்று, "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டார்.

மணி ஓய்ந்தது. வழிபாட்டுப் பாடல் உள்ளே தொடங்கிவிட்டது. நேரந்தப்பாத அம்மனிதர் அவசரம் காட்டாமல், அவள் சொல்லும் விடையைக் கேட்டபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.